பழைய வீடுகளில் ஸ்மார்ட் சுவிட்ச்: முதலில் நியூட்ரலைத் தேடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

வீட்டு விளக்குகளையும் மின்விசிறிகளையும் கைப்பேசியாலும் குரலாலும் இயக்கும் ஸ்மார்ட் சுவிட்சுகளைப் பற்றித் தங்கள் நாளிதழின் ஞாயிறு இணைப்பில் வெளிவந்த கட்டுரையை இருமுறை படித்தேன். சுவரில் இருக்கும் பழைய சுவிட்சைக் கழற்றி அதே இடத்தில் புதியதை மாட்டிவிட்டால் வேலை முடிந்தது என்ற பொருள்படக் கட்டுரையாளர் எழுதியிருந்தார். கடந்த பத்துப் பதினைந்து ஆண்டுகளில் கட்டப்பட்டு, ஒழுங்காக வயரிங் செய்யப்பட்ட வீடுகளுக்கு அது பெரும்பாலும் பொருந்தும். கன்னியாகுமரி மாவட்டத்தின் மேற்குப் பகுதியில், கேரள எல்லையை ஒட்டிய எங்கள் ஊர்களில், நாற்பதும் ஐம்பதும் ஆண்டுகள் கடந்த வயரிங்கோடு நிற்கும் ஓட்டு வீடுகளுக்கும் தட்டையான கூரையுள்ள தட்டுடி வீடுகளுக்கும் அது பொருந்தாது. சில வீடுகளில் அது உயிருக்கே கேடாகவும் முடியக்கூடும் என்பதால் இக்கடிதத்தைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன். நீளத்தைப் பொறுத்தருள வேண்டும்.

நான் உரிமம் பெற்ற மின்கம்பியாளனாக 39 ஆண்டுகள் இப்பகுதியில் தொழில் செய்து, இப்போது ஏணி ஏறும் வேலையை விட்டிருப்பவன். தக்கலை, பத்மநாபபுரம், திருவட்டாறு, குலசேகரம், மார்த்தாண்டம், களியக்காவிளை என்று நான் கம்பி இழுத்த வீடுகள் பல நூறு இருக்கும். வேலையை விட்ட பிறகும் பழைய வீட்டுக்காரர்கள் என்னைத்தான் அழைக்கிறார்கள். அவர்கள் வீட்டுச் சுவரிலும் மச்சிலும் எந்தக் கம்பி எங்கே ஓடுகிறது என்பது எனக்கும் எனக்குத் தொழில் கற்றுக்கொடுத்த ஆசானுக்கும்தான் தெரியும். ஆசான் இன்று இல்லை. அண்மைக் காலத்தில் எனக்கு வந்த அழைப்புகளில் கணிசமானவை ஸ்மார்ட் சுவிட்ச் பொருத்திய பிறகு தோன்றிய தொல்லைகளுக்காக வந்தவை. அவற்றுள் ஏறத்தாழ எல்லாவற்றுக்கும் அடியில் இருந்தது ஒரே காரணம்: சுவிட்ச் இருந்த இடத்தில் மின்னோட்டம் திரும்பிச் செல்லும் நியூட்ரல் கம்பி இல்லை, இல்லாததை எப்படியாவது கொண்டுவந்துவிட வேண்டும் என்று யாரோ ஒருவர் குறுக்கு வழி தேடியிருந்தார்.

எங்கள் பகுதி 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தில் இருந்தது. பள்ளிவாசல் நீர்மின் நிலையம் 1940-இல் இயங்கத் தொடங்கிய பின் திருவிதாங்கூரில் மின்விளக்கு பரவலாயிற்று என்றாலும், உள்ளூர்கள் பல அதற்காக மேலும் பல ஆண்டுகள் காத்திருந்தன. அப்படிக் காத்திருந்து பெற்ற இணைப்பை மக்கள் வீடு வளர வளரச் சேர்த்துச் சேர்த்து நீட்டிக்கொண்டு வந்திருக்கிறார்கள். ஆகவே ஒரே வீட்டில் நான்கு காலத்துக் கம்பிகளைப் பார்க்கலாம். பூமுகத்திலும் பழைய அறைகளிலும் மரச் சட்டத்துக்குள்ளே ரப்பர் உறையும் அதன்மேல் நூல் பின்னலும் கொண்ட கம்பி ஓடும். பின்னால் சேர்த்த அடுக்களையில், தேக்கு ரீப்பரின் மேல் தகரக் கிளிப் அடித்து இழுத்த கம்பி இருக்கும். எழுபதுகளிலும் எண்பதுகளிலும் எடுத்த மாடியில் பி.வி.சி. உறையிட்ட அலுமினியக் கம்பியும், அதற்குப் பின் மகன் தலையெடுத்துக் கட்டிய அறையில் செம்புக் கம்பியும் காணப்படும். இவை நான்கும் ஒரே மீட்டரில் வந்து சேரும். கூரையைத் தாங்கும் கழுக்கோலுக்கு மேலே எங்கோ ஓரிடத்தில் செம்பும் அலுமினியமும் முறுக்கிக் கட்டப்பட்டு, துணி டேப் சுற்றப்பட்டுக் கிடக்கும்.

சுவிட்ச் பெட்டிக்குள் நியூட்ரல் ஏன் இல்லை என்று கேட்பவர்கள், பழைய கம்பியாளர்கள் ஏதோ தவறு செய்துவிட்டதாக நினைக்கிறார்கள். தவறன்று, அக்காலத்துத் தேவைக்கு அதுவே சரியான முறை. விளக்கு எரிய இரண்டு கம்பிகள் வேண்டும். நியூட்ரல் கூரைக்கு அடியிலேயே ஒரு விளக்கிலிருந்து அடுத்த விளக்குக்கு நேராகப் போய்விடும். மின்சாரத்தைக் கொண்டுவரும் பேஸ் கம்பி மட்டும் சுவர்வழியாகச் சுவிட்சுக்கு இறங்கி, சுவிட்சைக் கடந்து, ரிட்டர்ன் கம்பியாக மீண்டும் விளக்குக்கு ஏறும். சுவிட்ச் என்பது பேஸ் கம்பியை வெட்டவும் சேர்க்கவும் ஆன ஒரு கதவு மட்டுமே. அந்தக் கதவுக்கு நியூட்ரலால் எந்தப் பயனும் இல்லாத காலத்தில், கம்பி விலையும் கூலியும் பார்த்து, அதைக் கீழே இறக்காமல் விட்டார்கள். ‘சுவிட்சை அணைத்தால் ஹோல்டரில் கரண்ட் இருக்கக் கூடாது’ என்பது ஆசான் எனக்குக் கற்றுக்கொடுத்த முதல் விதி. பேஸ் கம்பிதான் சுவிட்சுக்கு வர வேண்டும், நியூட்ரலை வெட்டக் கூடாது என்பதற்கு அதுவே காரணம். இந்த விதியைக்கூட மீறி, நியூட்ரலில் சுவிட்ச் வைத்த வீடுகளையும் நான் கண்டிருக்கிறேன். அங்கே விளக்கு அணைந்திருந்தாலும் ஹோல்டரில் முழு 230 வோல்ட்டும் காத்துக்கொண்டிருக்கும்.

ஸ்மார்ட் சுவிட்சின் இயல்பு வேறு. அதற்குள் ஒரு சிறிய வானொலிக் கருவி இருக்கிறது. வைஃபை வழியாகவோ வேறு அலை வழியாகவோ வரும் கட்டளைக்காக அது இரவும் பகலும் விழித்திருக்க வேண்டும். விளக்கு அணைந்திருக்கும்போதும் அதற்குத் தீனி வேண்டும். ஒரு வாட்டுக்கும் குறைவான தீனிதான் என்றாலும், அது வந்து திரும்புவதற்குப் பேஸ், நியூட்ரல் இரண்டும் அந்தப் பெட்டிக்குள் இருந்தாக வேண்டும். நியூட்ரல் தேவைப்படாத வகைகளும் விற்கப்படுகின்றன. அவை தமக்கு வேண்டிய சிறு மின்னோட்டத்தை விளக்கின் வழியாகவே கசியவிட்டு உயிர் வாழ்கின்றன. குண்டு பல்பு எரிந்த காலமாக இருந்தால் இந்தக் கசிவு யார் கண்ணுக்கும் தெரிந்திருக்காது. 60 வாட் இழைக்கு அது ஒரு பொருட்டே அன்று. எல்.இ.டி. விளக்குக்குள் இருக்கும் மின்தேக்கியோ அந்தக் கசிவைச் சொட்டுச் சொட்டாகச் சேர்த்து, நிறைந்ததும் ஒரு கணம் விளக்கை ஒளிரச் செய்து, மறுபடியும் சேர்க்கத் தொடங்கும். திருவட்டாறு அருகே மகன்கள் இருவரும் வெளிநாட்டில் இருக்க, தனியே வாழும் ஒரு முதியவர் தம் படுக்கையறை விளக்கு அணைத்த பின்பும் இரவெல்லாம் மினுக்மினுக்கென்று கண்சிமிட்டுவதைக் கண்டு, கம்பி உள்ளே கருகுகிறது என்று அஞ்சி, நான்கு இரவுகள் மெயினையே இறக்கிவிட்டு இருட்டில் படுத்திருக்கிறார். விளக்கோடு இணையாக ஒரு சிறிய பைபாஸ் மின்தேக்கியைச் சேர்த்ததும் அது நின்றது. அந்தத் துண்டைச் சில நிறுவனங்கள் சுவிட்சுடனேயே கொடுக்கின்றன. பொருத்தியவர் அது எதற்கென்று தெரியாமல் பெட்டியிலேயே விட்டுவிட்டுப் போயிருந்தார். இந்த வகைச் சுவிட்சுகளுக்குக் குறைந்தபட்சம் இத்தனை வாட் விளக்கு வேண்டும் என்ற கணக்கும் உண்டு. 3 வாட் இரவு விளக்கை மட்டும் மாட்டிவிட்டுச் சுவிட்ச் அடிக்கடி இணைப்பை இழக்கிறது என்று குறை சொல்வதில் பயனில்லை.

நம் நாட்டு வீடுகளுக்கு ஓர் ஆறுதல் உண்டு. நம் சுவிட்ச் போர்டுகளில் பெரும்பாலும் ஒரு 5 ஆம்பியர் பிளக் பாயின்ட்டும் சேர்ந்தே இருக்கும். பிளக் பாயின்ட் இருந்தால் அதற்கு நியூட்ரல் வந்திருக்க வேண்டும். அது அதே அறையின் அதே சர்க்யூட்டைச் சேர்ந்ததாகவும் இருந்தால் ஸ்மார்ட் சுவிட்சுக்கு அதிலிருந்து எடுப்பதில் தவறில்லை. பிளக் இல்லாத தனிச் சுவிட்சுகள் இருக்கும் இடங்களில்தான் சிக்கல் தோன்றுகிறது. குளியலறைக்கு வெளியே ஒற்றையாக இருக்கும் சுவிட்ச், மாடிப்படியின் மேலும் கீழும் இருக்கும் டூ-வே சுவிட்சுகள், முற்றத்து விளக்கின் சுவிட்ச், படிப்புரைக்குப் போகும் சுவிட்ச் ஆகியவற்றில் நியூட்ரலைப் பார்ப்பது அரிது. முதியவர்களுக்கு இரவில் கைப்பேசியாலோ குரலாலோ எரிக்க வேண்டியிருப்பதும் இதே குளியலறை, மாடிப்படி, முற்றத்து விளக்குகள்தாம் என்பதால், நியூட்ரல் இல்லாத இடத்திலேயே ஸ்மார்ட் சுவிட்ச் கேட்கப்படுகிறது.

அப்போது குறுக்கு வழி தேடுகிறவர்கள் இரண்டு தவறுகளில் ஒன்றைச் செய்கிறார்கள். முதலாவது, எர்த் கம்பியை நியூட்ரலாகப் பயன்படுத்துவது. டெஸ்டரை வைத்தால் எர்த்தும் நியூட்ரலைப் போலவே எரியாமல் இருக்கும். சுவிட்சை இணைத்தால் அதுவும் வேலை செய்யும். எனவே எல்லாம் சரி என்று தோன்றும். எர்த் என்பது மின்னோட்டம் செல்வதற்கு இட்ட கம்பி அன்று. பழுது நேரும்போது மட்டும் நம்மைக் காப்பதற்காகச் சும்மா இருக்க வேண்டிய கம்பி அது. எங்கள் ஊர்களில் பழைய எர்த் குழிகளின் நிலை எல்லோருக்கும் தெரிந்ததே. கரியும் உப்பும் இட்டுப் பல்லாண்டுகள் ஆகி, குழாய் துருப்பிடித்து, பங்குனி சித்திரையில் தண்ணீர் ஊற்றவும் ஆளில்லாமல், சில வீடுகளில் கம்பி குழாயிலிருந்து விட்டே போயிருக்கும். அந்த நிலையில் சுவிட்சுகளின் மின்னோட்டம் போக இடமின்றி, அதே எர்த் கம்பியோடு இணைந்த குளிர்சாதனப் பெட்டி, கிரைண்டர், சலவை இயந்திரம் ஆகியவற்றின் உலோக உடல் முழுவதிலும் மின்னழுத்தமாக ஏறி நிற்கும். குலசேகரம் பக்கம் ஒரு வீட்டில் குளிர்சாதனப் பெட்டியின் கைப்பிடியைத் தொட்டால் சுள்ளென்கிறது என்று புதுப் பெட்டியே வாங்கிவிட்டார்கள். புதுப் பெட்டியும் அப்படியே சுள்ளென்றபோதுதான் எனக்கு ஆள் அனுப்பினார்கள். ஐந்து போர்டுகளில் எர்த் கம்பி நியூட்ரலாக மாற்றப்பட்டிருந்தது. அந்த வீட்டில் தவழும் குழந்தை இருந்தது என்பதை நினைத்தால் இன்றும் என் மனம் பதறுகிறது.

இரண்டாவது தவறு, அருகில் கிடைக்கும் வேறொரு சர்க்யூட்டின் நியூட்ரலைக் கடன் வாங்குவது. இதைப் பற்றி நான் அதிகம் எழுத வேண்டியிருக்கிறது. எங்கள் பகுதியில் பாகப்பிரிவினையால் இரண்டாகவும் மூன்றாகவும் பிரிந்த பழைய வீடுகள் பல உள்ளன. நடுவில் ஒரு சுவர் எழும்பும், முன்வாசல் இரண்டாகும், ஆளுக்கொரு மீட்டர் வரும். ஆனால் மச்சின் மேலே ஓடும் கம்பிகளைப் பாகம் பிரிக்க யாரும் மெனக்கெடுவதில்லை.

பத்மநாபபுரத்தை அடுத்த ஓர் ஊரில் அண்ணன், தம்பி குடும்பங்கள் அப்படிப் பிரிந்த வீட்டில் வாழ்கின்றன. பொதுவாக இருந்த மாடிப்படி அண்ணன் பங்குக்கு வந்தது. அண்ணனின் பேரன் இணையத்தில் ஒரு ஸ்மார்ட் சுவிட்ச் வாங்கி, பாட்டி இரவில் படியிறங்கும்போது விளக்குத் தானே எரிய வேண்டும் என்ற நல்ல எண்ணத்தோடு, தெரிந்த ஒருவரைக் கொண்டு பொருத்தினான். படியருகே நியூட்ரல் இல்லை. எட்டும் தூரத்தில் ஒரு பழைய கட்டைப் பெட்டியில் நியூட்ரல் கிடைத்தது. சுவிட்சுக்கும், புதிதாக மாட்டிய 12 வாட் எல்.இ.டி. விளக்குக்கும் அதையே இழுத்துக் கொடுத்தார் அவர். அந்தக் கட்டைப் பெட்டி தம்பி வீட்டு மீட்டரிலிருந்து வருவது என்பது அவருக்கும் தெரியாது, வீட்டாருக்கும் தெரியாது. விளக்கு ஒழுங்காக எரிந்தது. இப்படியே ஏழெட்டு மாதங்கள் கழிந்தன.

பிறகு தம்பி தம் வீட்டுக்கு ஆர்.சி.சி.பி. எனப்படும் கசிவு காக்கும் துண்டிப்பானைப் பொருத்தினார். போகும் மின்னோட்டமும் திரும்பும் மின்னோட்டமும் சமமாக இருக்கின்றனவா என்று அது ஓயாமல் ஒப்பிட்டுக்கொண்டிருக்கும்; வேறுபாடு 30 மில்லி ஆம்பியரை எட்டுவதற்குள் இணைப்பைத் துண்டித்துவிடும். அண்ணன் வீட்டுப் படிவிளக்கு எரியும்போதெல்லாம் சுமார் 50 மில்லி ஆம்பியர் அண்ணனின் பேஸிலிருந்து கிளம்பித் தம்பியின் நியூட்ரல் வழியாகத் திரும்பியது. ஆகவே பாட்டி படியில் கால் வைத்தவுடன் தம்பி வீடு முழுவதும் இருளும். இது தினமும் இரவில் நடந்தது. தம்பி வீட்டார் அண்ணன் வீட்டில் கரண்ட் திருடுகிறார்கள் என்றார்கள். அண்ணன் வீட்டார் தம்பி வேண்டுமென்றே பழி சுமத்துகிறார் என்றார்கள். பாகம் பிரித்தபோதுகூட முகம் கொடுத்துப் பேசிக்கொண்டிருந்தவர்கள் இதற்காகப் பேச்சை நிறுத்திவிட்டார்கள்.

நான் போய் மச்சில் ஏறிக் கம்பியைத் தொடர்ந்து கண்டுபிடித்து, இரண்டு வீட்டாரையும் ஒரே இடத்தில் நிறுத்திக் காட்டினேன். அவர்களுக்குச் சண்டை தீர்ந்ததில் நிம்மதி. எனக்கோ அந்த ஏழெட்டு மாதங்களை எண்ணித்தான் அச்சம். ஆர்.சி.சி.பி. இல்லாதிருந்த அந்த நாட்களில் தம்பி வீட்டில் யாராவது ஒரு பழுது பார்ப்பதற்காகத் தம் மெயின் சுவிட்சை இறக்கியிருந்தால், அவர்கள் வீட்டு நியூட்ரல் கம்பி தெருக் கம்பத்தோடு தொடர்பற்றுத் தொங்கும். அந்த நேரத்தில் அடுத்த வீட்டுப் பாட்டிக்காகப் படிவிளக்கு எரிந்தால், அண்ணனின் பேஸ் விளக்கின் வழியாக வந்து தம்பி வீட்டு நியூட்ரல் முழுவதிலும் நிற்கும். மெயினை இறக்கிவிட்டோம், அதுவும் கறுப்புக் கம்பிதானே என்று நம்பிக் கையை வைக்கிறவர் என்ன ஆவார்? எந்தப் பெட்டியின் மீதும் இந்த எச்சரிக்கை அச்சிடப்பட்டிருக்கவில்லை.

ஆகவே நியூட்ரலைத் தேடும்போது நிறத்தையும் நம்பக் கூடாது, டெஸ்டரை மட்டுமும் நம்பக் கூடாது. சிவப்பு பேஸுக்கு, கறுப்பு நியூட்ரலுக்கு, பச்சை எர்த்துக்கு என்பது விதி. பழைய வீட்டில் அன்றைக்குக் கையில் எந்தச் சுருள் மிச்சமிருந்ததோ அதுவே போயிருக்கும். நியூட்ரல் என்று கருதும் கம்பிக்கும் பேஸுக்கும் இடையே டெஸ்ட் லாம்ப் பிடித்து எரிகிறதா என்று பார்ப்பதும் அரைச் சோதனைதான். எர்த்திலும் அது எரியும், அடுத்த வீட்டு நியூட்ரலிலும் எரியும். அந்தச் சர்க்யூட்டின் பேஸையும் நியூட்ரலையும் மெயின் போர்டிலேயே கழற்றிவிட்டு, சுவிட்ச் பெட்டியில் இருக்கும் கம்பி உண்மையிலேயே அந்தக் கழற்றிய நியூட்ரலின் மறுமுனைதானா என்று மல்டிமீட்டரால் தொடர்ச்சி பார்த்து உறுதிசெய்ய வேண்டும். இரண்டு மீட்டர் உள்ள வீட்டில் இரு வீட்டு மெயினையும் இறக்கிய பின்பே கை வைக்க வேண்டும். அரைமணி நேரத்தில் முடிக்கிற வேலை அன்று இது.

கம்பியின் உடல்நிலை அடுத்து வருவது. ரப்பர் உறைக் கம்பி அசையாமல் இருக்கும்வரை காலத்தை ஓட்டிவிடும். புதிய சுவிட்சை மாட்டுவதற்காக அதை இழுத்து வளைத்த கணமே உறை பொடிந்து உதிரும். அலுமினியக் கம்பி திருகுக்கு அடியில் நாளடைவில் நசுங்கித் தளர்ந்து, மேலே ஆக்சைடு படிந்து, சூடேறும் தன்மை உடையது. அதை ஸ்மார்ட் சுவிட்சின் மெல்லிய செம்புக் கம்பியோடு கையால் முறுக்கிவிடுவது தீக்கு விதை போடுவதாகும். தேங்காய்ப்பட்டினம், குளச்சல் போன்ற கடலோர ஊர்களில் உப்புக் காற்றால் முனைகளில் பச்சைக் களிம்பு வேறு ஏறியிருக்கும். எனவே 500 வோல்ட் மெகர் கருவியால் காப்புத்தடையை, அதாவது கம்பியின் உறை மின்சாரத்தைக் கசியவிடாமல் தடுக்கும் திறனை, சோதித்து, அது 1 மெகா ஓமுக்குக் குறைந்தால் ஸ்மார்ட் சுவிட்ச் பேச்சையே எடுக்காமல் முதலில் கம்பியை மாற்றுவதே முறை. இச்சோதனையைச் சுவிட்ச் பொருத்துவதற்கு முன்பே செய்துவிட வேண்டும்; பொருத்திய பின் செய்தால் மெகர் செலுத்தும் மின்னழுத்தத்திலேயே அதன் மின்னணுப் பாகங்கள் கெட்டுப்போகும்.

எங்கள் பகுதிக்கே உரிய இன்னொன்றையும் சொல்ல வேண்டும். வீட்டுக்கு ஒருவராவது வளைகுடாவிலோ அமெரிக்காவிலோ இருக்கிறார்கள். ஊருக்கு வரும்போது அன்போடு சுவிட்சுகளை வாங்கி வருகிறார்கள். வளைகுடா நாடுகளில் பெரும்பாலும் பிரிட்டிஷ் முறைப்படி 86 மில்லிமீட்டர் சதுரப் பெட்டிக்கு ஏற்ற சுவிட்சுகள் விற்கின்றன. அவை நம் வீட்டு மாடுலர் பெட்டியில் உட்காரா, அதற்காகச் சுவரை உடைக்க வேண்டியிருக்கும். அதுவாவது பணச் செலவோடு போகும். அமெரிக்காவில் வீட்டு மின்சாரம் 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ். அங்கே விற்கும் சுவிட்சுகளில் பல அதற்கு மட்டுமே செய்யப்பட்டவை. நம் 230 வோல்ட்டில் இணைத்த நொடியிலேயே கருகிவிடும். பின்புறத்தில் பொடி எழுத்தில் அது எழுதப்பட்டிருக்கும். மகள் கொண்டுவந்த பொருளாயிற்றே என்று அதைப் படிக்காமல் மாட்டிவிடாதீர்கள்.

இடியைப் பற்றியும் கட்டுரையில் ஒரு சொல் இல்லை. மேடம், துலாம் என்று மலையாள மாதப் பெயர்களை இன்றும் பெரியவர்கள் வழங்கும் எங்கள் ஊர்களில், சித்திரையிலும் ஐப்பசியிலும் மாலையானால் மலைப்பக்கமிருந்து இடி முழங்கத் தொடங்கும். உடனே பிளக்குகளைப் பிடுங்குவதும் மெயினை இறக்குவதும் வீட்டு வழக்கம். பழைய சுவிட்சை அணைத்தால் உள்ளே இரு உலோகத் துண்டுகளுக்கு நடுவே ஒரு காற்றிடைவெளி விழும். ஸ்மார்ட் சுவிட்சோ விளக்கு அணைந்திருக்கும்போதும் லைனோடு ஒட்டிக்கொண்டே இருப்பது. அதைப் பிடுங்கவும் முடியாது. கம்பிவழியாக வரும் மின்னெழுச்சியை முதலில் வாங்குவது அதுவே. ஆகவே இவ்வகைச் சுவிட்சுகளைப் பொருத்தும் வீட்டில் மெயின் போர்டில் ஒரு மின்னெழுச்சிக் காப்பானும், அது தன் வேலையைச் செய்வதற்கு உருப்படியான எர்த்தும் இருக்க வேண்டும். இடி நேரத்தில் மெயினை இறக்கும் பழைய வழக்கத்தையும் கைவிடக் கூடாது.

தண்ணீர் மோட்டாரையும் 2 கிலோவாட் வாட்டர் ஹீட்டரையும் விளக்குக்கான 10 ஆம்பியர் சுவிட்சில் இணைப்பது, விளக்கு டிம்மரில் மின்விசிறியை ஓட்டுவது, சதுர அலை இன்வெர்ட்டர் லைனில் இச்சுவிட்சுகளைப் போட்டு அவை சூடாவதைப் பார்த்து வியப்பது ஆகியவற்றை அனுபவமுள்ள கம்பியாளர் எவரும் செய்யமாட்டார். வாடிக்கையாளர் வற்புறுத்தினாலும் மறுத்துவிட வேண்டும்.

இவ்வளவும் எழுதியதால் நான் இக்கருவிக்கு எதிரி என்று கருதிவிடக் கூடாது. என் மனைவிக்கு இரண்டு முழங்கால்களிலும் தேய்மானம். இரவில் எழுந்து சுவர்வரை நடந்து விளக்குப் போடுவது அவளுக்கு ஒவ்வொரு முறையும் வேதனை. எங்கள் வீட்டு வயரிங் 1978-இல் என் ஆசானோடு சேர்ந்து நானே செய்தது; அதனால் எந்தப் பெட்டியில் நியூட்ரல் இல்லை என்று தேட வேண்டிய தேவையே இருக்கவில்லை. படுக்கையறை, குளியலறை, அடுக்களை, பின்வாசல் ஆகிய நான்கு இடங்களுக்கும் 1.5 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பியில் அந்தந்தச் சர்க்யூட்டின் நியூட்ரலைப் புதிதாக இறக்கினேன். 90 மீட்டர் சுருள் ஒன்றே போதுமானதாக இருந்தது. என் மருமகன் உதவியோடு இரண்டு நாள் வேலை. பழைய பியூஸ் கட்டைகளை எடுத்துவிட்டு, மின்னோட்டம் அளவு மீறினால் தானே துண்டிக்கும் எம்.சி.பி.யும் ஆர்.சி.சி.பி.யும் வைத்தேன், எர்த் குழியைப் புதிதாகத் தோண்டினேன். இன்று அவள் படுத்தபடியே சொன்னால் குளியலறை விளக்கு எரிகிறது. அந்த வசதி எங்கள் வயதில் எத்தனை பெரியது என்பது எனக்குத் தெரியும்.

சுவரை உடைக்க முடியாத வீடுகளுக்கும் வழி உண்டு. கூரையில் விளக்கு இருக்கும் இடத்தில் நியூட்ரல் ஏற்கெனவே இருக்கிறது. கீழே பேஸையும் ரிட்டர்ன் கம்பியையும் நிரந்தரமாகச் சேர்த்துவிட்டு, ஸ்மார்ட் கருவியை மேலே விளக்கருகிலேயே காற்றோட்டமுள்ள பெட்டிக்குள் பொருத்தி, சுவரில் பேட்டரியால் இயங்கும் கம்பியில்லாச் சுவிட்சை ஒட்டிக்கொள்ளலாம். அதுவும் வேண்டாமென்றால் ஸ்மார்ட் பல்பு ஒன்றை வாங்கிப் பழைய ஹோல்டரிலேயே மாட்டலாம். சுவர்ச் சுவிட்சை யாரும் அணைத்துவிடாமல் பார்த்துக்கொள்வது ஒன்றே நிபந்தனை. வெட்டுக்கல் சுவர்கள் தடித்த வீடுகளில் வைஃபை அலை உள்ளறைவரை எட்டுகிறதா என்பதைக் கைப்பேசியை அந்த இடத்தில் வைத்து முதலிலேயே பார்த்துவிட வேண்டும்.

விற்பனையாளர்களை நான் வேண்டுவது, நியூட்ரல் தேவையா இல்லையா, எத்தனை வோல்ட்டுக்கு உரியது என்ற இரண்டையும் பெட்டியின் முகப்பில் பெரிய எழுத்தில், தமிழில், எங்கள் எல்லைப் பகுதியில் மலையாளத்திலும் எழுதி ஒட்டுங்கள் என்பதுதான். மின்கம்பியாளர் தகுதித் தேர்வுகளிலும் பயிற்சிகளிலும் இரவல் நியூட்ரலின் ஆபத்து ஒரு பாடமாகவே இடம்பெற வேண்டும். பாகம் பிரிந்த வீட்டுக்குத் தனி மீட்டர் கேட்கிறவர்கள், இரு வீட்டு நியூட்ரலும் உண்மையிலேயே பிரிந்துவிட்டனவா என்று உரிமம் பெற்ற ஒருவரைக் கொண்டு சோதித்துக்கொள்ள வேண்டும். அந்தச் செலவை அண்ணன், தம்பி இருவரும் பங்கிட்டுக்கொள்ளலாம்.

பேஸ், நியூட்ரல், ரிட்டர்ன் ஆகிய மூன்றும் பழைய வீட்டில் எப்படி ஓடுகின்றன, நியூட்ரல் எந்த இடத்தில் தவறுகிறது என்பதைக் காட்டும் ஒரு படத்தை என் கையாலேயே வரைந்து இக்கடிதத்தோடு இணைத்துள்ளேன். வேலைக்கு வருகிறவரிடம் வீட்டுப் பெண்கள் அதைக் காட்டி, எங்கள் வீட்டில் இந்தக் கம்பி இருக்கிறதா என்று கேட்கும் அளவுக்கு எளிமையாக வரைய முயன்றிருக்கிறேன். அச்சிடத் தகுதியாக இருந்தால், அதே ஞாயிறு இணைப்பில் வெளியிட்டு உதவும்படி வேண்டுகிறேன்.

தங்கள் உண்மையுள்ள,
ஓய்வு பெற்ற மின்கம்பியாளர்,
தக்கலை, கன்னியாகுமரி மாவட்டம்.
(பெயரும் முகவரியும் தனித் தாளில் இணைக்கப்பட்டுள்ளன.)